பிரிண்டருக்கும் ஞாபகம் உண்டு!

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அக்கா மகன் காஞ்சிபுரத்திலிருந்து ஸ்கூட்டரில் வந்து இறங்கினான். கால் வைக்கிற இடத்தில் ஒரு பெரிய அட்டைப் பெட்டி. முதுகில் பை. பின்னால் அக்கா.

எங்கள் வீடு திருப்புட்குழி கோயில் குளத்துக்குப் பக்கத்துத் தெரு. ஞாயிறு என்றால் அக்கா பெருமாளைச் சேவித்துவிட்டு இங்கே சாப்பிட்டுவிட்டுப் போவது வழக்கம். அதனால் அக்கா வந்தது ஆச்சரியமில்லை. பெட்டிதான் ஆச்சரியம். திறந்தால் பழைய கறுப்பு வெள்ளை லேசர் பிரிண்டர். பைக்குள் அதைவிடப் பழைய லேப்டாப். மூடப்போகும் ஒரு பிரவுசிங் சென்டரில் இரண்டையும் சேர்த்து நாலாயிரம் ரூபாய்க்கு வாங்கியிருக்கிறான்.

"மாமா, இது ரெண்டையும் நெட் இல்லாம ஓட்டணும். ஒரே ஒரு பேப்பர் அடிக்கணும்."

"ஒரு பேப்பருக்கு நாலாயிரமா? பாலுசெட்டிசத்திரத்துல ரெண்டு ரூபாய்க்கு அடிச்சுக் குடுப்பானேடா!"

"அங்கெல்லாம் அடிக்க முடியாது மாமா. அது சாவி."

அவன் மூன்று வருடமாகச் சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிட்காயின் வாங்கி வைத்திருக்கிறானாம். தங்கை கல்யாணத்துக்கு. அக்கா அப்போது கோயிலுக்குப் போயிருந்தாள். அவளுக்கு இது தெரியாது. பிட்காயினை வாங்கு என்றோ, வாங்காதே என்றோ சொல்ல நான் இந்தப் பகுதியை எழுதவில்லை. ஆனால் வாங்கிவிட்டவர்கள் பல வீடுகளில் இருக்கிறார்கள். பெற்றவர்களுக்குத் தெரியாமலே இருக்கிறார்கள். அதனால்தான் இந்த வாரம் இந்த விஷயம்.

உண்டியலும் சாவியும்

வாங்கிய பிட்காயினைப் பெரும்பாலானவர்கள் வாங்கிய இடத்திலேயே, அதாவது எக்ஸ்சேஞ்ச் கணக்கிலேயே விட்டுவிடுகிறார்கள். 2024 ஜூலை 18-ஆம் தேதி நம் நாட்டின் வாசிர்எக்ஸ் எக்ஸ்சேஞ்சில் திருட்டு நடந்தது. போனது சுமார் 23 கோடி டாலர். நம் கணக்கில் 2,000 கோடி ரூபாய்க்குக் கிட்டத்தட்ட. கணக்கு வைத்திருந்தவர்கள் மாதக்கணக்கில் பணத்தைத் தொட முடியாமல் தவித்தார்கள். இவன் வைத்திருந்தது வேறோர் இடத்தில். ஆனாலும் அன்றிலிருந்து தூக்கம் போச்சு. நம் காசை நாமே வைத்துக்கொள்வோம் என்று முடிவெடுத்தான். அதற்கு ஒரு பழைய வழி பேப்பர் வாலட்.

கோயில் உண்டியலை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே இருக்கிற வாயில் யார் வேண்டுமானாலும் காசு போடலாம். சாவி உள்ளவர் மட்டுமே திறக்கலாம். பேப்பர் வாலட்டில் இரண்டு வரிகள் அச்சாகியிருக்கும். ஒன்று முகவரி, அது உண்டியலின் வாய். ஊருக்கே காட்டலாம். இன்னொன்று ரகசியச் சாவி. ஐம்பது எழுத்துக்கு மேல் நீளும், பக்கத்திலேயே ஒரு கியூஆர் கோடும் இருக்கும். அந்தச் சாவியைப் பார்த்தவர், படம் பிடித்தவர், பிரதி எடுத்தவர் யாராக இருந்தாலும் அவர்தான் அப்புறம் சொந்தக்காரர். மேனேஜர் கிடையாது. 'பாஸ்வேர்டு மறந்துவிட்டதா' என்று கேட்கிற பொத்தான் கிடையாது.

அதனால்தான் நெட்டில் இருக்கிற எந்த மெஷினும் அந்தச் சாவியைப் பார்க்கக் கூடாது என்கிறார்கள். கம்ப்யூட்டரை எல்லாரும் ஜாக்கிரதையாகப் பார்க்கிறார்கள். பிரிண்டரை மறந்துவிடுகிறார்கள்.

தானாக வந்த தாள்

லேப்டாப்பை ஆன் செய்து பிரிண்டர் ஒயரைச் செருகினோம். நாங்கள் எதையும் அச்சடிக்கச் சொல்லவில்லை. பிரிண்டர் தானாக உறுமியது. ஒரு தாள் வெளியே வந்தது. யாரோ ஒரு பெண்ணின் பள்ளி மாற்றுச் சான்றிதழ்! பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி, அங்க அடையாளம் எல்லாம் அதில் இருந்தது. என்றைக்கோ பிரவுசிங் சென்டரில் அச்சாகாமல் நின்றுபோன வேலை, லேப்டாப்பின் வரிசையில் காத்துக்கொண்டே இருந்திருக்கிறது. பிரிண்டரைப் பார்த்ததும் கொட்டிவிட்டது.

தாளைக் கிழித்துப் போட்டோம். பையன் முகம் மாறிவிட்டது. "நாம அடிக்கறதும் இப்படித் தங்கிடுமா மாமா?"

தங்கலாம். அச்சடிக்கக் கொடுப்பதை முதலில் கம்ப்யூட்டர் ஒரு ஃபைலாகச் சேமித்துவிட்டுத்தான் பிரிண்டருக்கு அனுப்புகிறது. வைஃபை பிரிண்டராக இருந்தால் நடுவில் ரவுட்டரும் உண்டு. ஆபீஸ்களிலும் ஜெராக்ஸ் கடைகளிலும் இருக்கிற பெரிய மெஷின்கள் பலவற்றில் ஹார்டு டிஸ்கே இருக்கிறது. 2010-இல் அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சிக்காரர்கள் பழைய காப்பியர் மெஷின்களை வாங்கி, உள்ளே இருந்த டிஸ்க்குகளைக் கழற்றிப் பார்த்தார்கள். போலீஸ் கோப்புகள், நோயாளிகளின் மருத்துவக் குறிப்புகள் எல்லாம் அப்படியே இருந்தன. அதில் ஒரு மெஷின் அஃபினிட்டி என்ற மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்துடையது. அந்த நிறுவனம் 2013-இல் அமெரிக்க அரசுக்கு 12 லட்சம் டாலருக்கு மேல் கட்டவேண்டி வந்தது.

வீட்டுக்கு வாங்குகிற சின்ன லேசர் பிரிண்டர்களில் பொதுவாக டிஸ்க் இருக்காது. இருக்கிற நினைவகமும் கரண்டை நிறுத்தினால் காலியாகிவிடும். அதனால் ஒயரில் ஓடுகிற, வைஃபை இல்லாத பழைய பிரிண்டர்தான் இந்த வேலைக்கு உத்தமம். அந்த வகையில் பையன் வாங்கியது சரியான பொருள். லேப்டாப்தான் ஊர்க் கதையெல்லாம் சுமந்துகொண்டு வந்திருந்தது.

நாங்கள் செய்தது

முதலில் லேப்டாப்பின் அடிப்பக்கத் திருகுகளைக் கழற்றி ஹார்டு டிஸ்கை வெளியே எடுத்தோம். கொல்லைப்பக்கம் அம்மிக்கல் மேல் வைத்துச் சுத்தியலால் உடைத்தாயிற்று. அந்தப் பெண்ணின் சான்றிதழுக்கும் அதுதான் மரியாதை. வைஃபை அட்டையையும் கழற்றிவிட்டோம்.

டிஸ்க் இல்லாமல் லேப்டாப் எப்படி ஓடும்? டெயில்ஸ் என்று ஓர் இயங்குதளம் இருக்கிறது. இலவசம். பென் டிரைவிலிருந்தே ஓடும். அணைத்துவிட்டால் நடந்த எதையும் நினைவில் வைத்துக்கொள்ளாது. நெட்டையே தொடாமல் ஆரம்பிக்கிற வசதியும் அதில் உண்டு. என் கம்ப்யூட்டரில் அதை இறக்கி, வெளியிட்டவர்கள் சொன்னபடி சரிபார்த்து, பென் டிரைவில் ஏற்றினோம். சாவி உருவாக்குவதற்கு பிட்அட்ரஸ் என்ற நிரலை இன்னொரு பென் டிரைவில் எடுத்துக்கொண்டோம். ஒரே ஒரு ஃபைல்தான். நெட் இல்லாமலே திறக்கும். அதன் உள்கட்டமைப்பை யார் வேண்டுமானாலும் படித்துப் பார்க்கலாம். அதையும் வெளியிட்டவர் தந்திருக்கும் சரிபார்ப்பு எண்ணோடு ஒத்துப்பார்த்துக்கொண்டோம்.

இந்தச் சரிபார்ப்பைச் சோம்பலில் விட்டுவிடாதீர்கள். வாலட்ஜெனரேட்டர் என்று ஓர் இணையதளம் இருந்தது. பலரும் நம்பிப் பேப்பர் வாலட் அடித்தார்கள். 2019 மே மாதம் மைகிரிப்டோ என்ற நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அதைச் சோதித்தார்கள். ஆயிரம் சாவி கேட்டால் ஆயிரமும் வெவ்வேறாக வரவேண்டும் அல்லவா? ஒரு சோதனையில் 120 சாவிகள்தான் வந்தன. அவையே திரும்பத் திரும்ப வந்தன. உங்கள் வீட்டுச் சாவியே நாலு பேர் வீட்டுக்கும் போயிருந்தால் பூட்டு எதற்கு?

ஆக, சாவி என்பது யாராலும் ஊகிக்க முடியாத எண்ணாக இருக்கவேண்டும். கம்ப்யூட்டரை நம்பாமல் அதை உருவாக்க முடியுமா? முடியும். தாய விளையாட்டின் நீளக் கட்டை இல்லை. பரமபதத்துக்கு உருட்டுகிற ஆறு பக்கத் தாயக்கட்டையை 99 தடவை உருட்டினால் போதும். விழுந்த எண்ணை வரிசையாக எழுதிக்கொள்ள வேண்டும். ஆறு விழுந்தால் சைபர். அந்த 99 எண்களைக் கொடுத்தால் நிரல் சாவியாகவும் முகவரியாகவும் மாற்றிக் காட்டும். 99 தடவை உருட்டினால் எத்தனை விதமாக விழலாம் என்று கணக்குப் போட்டால், விடை 78 இலக்கத்தில் வரும். எந்தத் திருடனாலும் ஊகித்துப் பிடிக்க முடியாது.

இதைக் கேட்டதும் எனக்கு நம் உத்திரமேரூர் ஞாபகம்தான் வந்தது. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிய குடவோலைக் கல்வெட்டு. முப்பது குடும்புகள். தகுதி உள்ளவர்கள் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டார்கள். ஊரே பார்க்க, உள்ளே இருப்பது தெரியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். எடுத்த ஓலையை வாங்குகிறவர், ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்கவேண்டும். ஒளித்து மாற்றிவிடக் கூடாதே! யார் கையும் புகாத தற்செயல்தான் நியாயம் என்று ஆயிரத்து நூறு வருடத்துக்கு முன்பே இந்தப் பக்கத்துக்காரர்கள் யோசித்திருக்கிறார்கள்.

நாங்களும் பக்கத்து வீட்டு வாண்டைக் கூப்பிட்டோம். 99 தடவை உருட்டினான். கூலியாக ஒரு சாக்லேட். அது ஒத்திகைத் தாளுக்கு.

ஒத்திகை ஏன்?

அச்சடித்த சாவி உண்மையில் திறக்கிறதா என்று தெரியாமல் மொத்தப் பணத்தையும் போடக் கூடாது. பிரிண்டர் ஓர் எழுத்தை மங்கலாக அடித்தாலும் போச்சு. முதல் தாளின் முகவரிக்குச் சின்னத் தொகை அனுப்பினான். வந்து சேர்ந்ததை போனிலேயே பார்க்கலாம், முகவரி ரகசியமில்லை. பிறகு தாளில் இருக்கிற சாவியைக் கொண்டு அந்தத் தொகையை முழுவதுமாக வெளியே எடுத்தான். வேலை செய்தது. அந்தத் தாளின் ஆயுள் அதோடு முடிந்தது. சாவி ஒரு தடவை போனுக்குள் போய்விட்டால் அது ரகசியமில்லை. கிழித்து அடுப்பில் போட்டோம். பின்னால் பணம் எடுக்கும்போதும் இதேதான். பாதியை எடுத்துக்கொண்டு மீதியைப் பழைய தாளிலேயே விடக் கூடாது. மொத்தத்தையும் எடுத்து, மீதிக்குப் புதுத் தாள் போடவேண்டும்.

உண்மையான தாளுக்கு முன்னால் ரவுட்டரை அணைத்தோம். போன்களை வாசல் திண்ணையில் வைத்தோம். அதைப் பார்த்துக்கொண்டே அக்கா கோயிலிலிருந்து வந்தாள்.

"என்னடா தம்பி, மாமனும் மருமகனும் கதவச் சாத்திக்கிட்டு? கள்ள நோட்டா அடிக்கிறீங்க?"

பையன் என்னைப் பார்த்தான். நான் அவனிடம் கேட்டேன், "நீ நாளைக்கு ஸ்கூட்டர்ல போறப்ப ஏதாவது ஆச்சுன்னா, இந்தத் தாள் என்னன்னு யாருக்குத் தெரியும்?"

பதில் இல்லை.

அக்கா வீட்டுக்காரர் இறந்து ஆறு வருடம் ஆகிறது. திடீரென்று போனார். யார் யாருக்கோ கைமாற்றுக் கொடுத்திருந்தார். பாக்கெட் டைரியில் அவருக்கு மட்டுமே புரிகிற சுருக்கெழுத்தில் குறித்திருந்தார். 'மு. 40', 'செ. 15' என்று. மு என்பது முருகேசனா, முனுசாமியா? நாற்பது ஆயிரமா, நூறா? அக்கா அந்த டைரியை வைத்துக்கொண்டு ஒரு வருடம் அலைந்தாள். இரண்டு பேர் தாங்களாக வந்து கொடுத்தார்கள். மற்றது வரவில்லை. டைரி இன்னும் பீரோவில் இருக்கிறது.

பையன் செய்யப் போனதும் அதேதான். டைரிக்குப் பதில் லேசர் பிரிண்ட்.

உலகத்தில் இதற்குப் பெரிய உதாரணங்கள் உண்டு. பிரிட்டனின் நியூபோர்ட் நகரத்தில் ஜேம்ஸ் ஹவல்ஸ் என்பவரின் சாவி இருந்த ஹார்டு டிஸ்க் 2013-இல் குப்பைக்குப் போய்விட்டது. சுமார் 8,000 பிட்காயின். குப்பைமேட்டைத் தோண்ட அனுமதி கேட்டு வழக்கு வரை போனார். 2025 ஜனவரியில் நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது. கனடாவில் குவாட்ரிகா என்ற எக்ஸ்சேஞ்ச். அதன் தலைவர் ஜெரால்டு காட்டன் 2018 டிசம்பரில் நம் ஜெய்ப்பூரில் இறந்துபோனார். சாவிகள் அவருக்கு மட்டுமே தெரியும் என்றார்கள். பின்னால் விசாரித்ததில் அவர் வாடிக்கையாளர் பணத்தை ஏற்கெனவே கரைத்திருந்தது தெரிந்தது. ஒருத்தருக்கு மட்டுமே தெரிந்த சாவி, காணாமல் போகவும் வசதி, ஏமாற்றவும் வசதி.

நம் சென்னை உயர் நீதிமன்றத்திலும் இந்த விஷயம் வந்தது. 2025 அக்டோபரில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், கிரிப்டோ கரன்சி ஒரு சொத்துதான், உரிமையோடு அனுபவிக்கக் கூடியது என்று சொன்னார். சொத்து என்று ஆகிவிட்டால் வாரிசு என்ற பேச்சும் வரும். ஆனால் நீதிமன்றம் 'இது உன்னுடையது' என்று சொல்லலாம். தொலைந்த சாவியைச் செய்து தர முடியாது.

அக்கா உருட்டிய தாயம்

அதனால் பையன் அம்மாவிடம் சொன்னான். எவ்வளவு, எதற்காக, எல்லாம். தங்கை கல்யாணத்துக்கு என்றபோது அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் ஒரே ஒரு கேள்வி.

"இந்தக் காகிதத்த பேங்க்ல குடுத்தா பணம் குடுப்பானா?"

"குடுக்க மாட்டான்மா. யார்கிட்டயும் குடுக்கவே கூடாது. போன்ல யார் கேட்டாலும் படிச்சுச் சொல்லக் கூடாது."

"அப்ப நானே உருட்டறேன். எனக்குத் தெரியாம என்ன சாவி?"

99 தடவை அக்காதான் உருட்டினாள். இரண்டு பிரதி அடித்தோம். பிடிஎஃப் ஆகச் சேமிக்கவில்லை, படம் எடுக்கவில்லை. போனில் எடுத்த படம் நமக்குத் தெரியாமலே நெட்டில் ஏறிவிடும். அச்சானதும் லேப்டாப்பை அணைத்து, பிரிண்டரின் பிளக்கைப் பிடுங்கினோம். எண் எழுதிய தாளும் அடுப்புக்குப் போனது.

சாவியைக் கடவுச்சொல் போட்டுப் பூட்டி அச்சடிக்கிற வழியும் இருக்கிறது. தாளைத் திருடினாலும் கடவுச்சொல் இல்லாமல் திறக்காது. பையன் கேட்டான். நாங்கள் போடவில்லை. திருட்டுப் பயத்தைவிட எங்கள் வீட்டில் மறதிப் பயம்தான் பெரிது. உங்கள் வீட்டில் எப்படி என்று நீங்கள்தான் முடிவு செய்யவேண்டும்.

தாளை வைக்கிற விஷயத்திலும் கவனம் வேண்டும். இங்க்ஜெட் மை தண்ணீர் பட்டால் பரவும். பில் அடிக்கிற வெப்பத் தாள் சில வருடத்தில் வெளுத்துவிடும். லேசர் அச்சு நிற்கும். ஆனால் மெத்தென்ற பிளாஸ்டிக் உறையில் போட்டால் எழுத்து உறையில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். கியூஆர் கோடு மேல் மடிப்பு விழக் கூடாது. ஐப்பசி மழையும் கரையானும் இருக்கிற ஊரில் ஒரே இடத்தில் வைக்கக் கூடாது. ஒரு பிரதி அக்கா பீரோவில் பட்டாவோடு. இன்னொன்று பாங்க் லாக்கரில், நகையோடு.

இவ்வளவு சொன்ன பிறகு ஓர் உண்மையையும் சொல்லிவிடுகிறேன். இப்போது பேப்பர் வாலட்டைப் பலரும் சிபாரிசு செய்வதில்லை. 2,048 சொற்கள் உள்ள ஒரு பட்டியலிலிருந்து 12 அல்லது 24 சொற்களைத் தருகிற முறை வந்துவிட்டது. அந்தச் சொற்களே சாவி. பேனாவால் எழுதி வைத்துக்கொண்டால் போதும். பிரிண்டரே வேண்டாம், கைக்கு டிஸ்க் கிடையாது. புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் அதைப் பார்க்கலாம். விற்கும்போது லாபத்துக்கு 30 சதவீத வரி உண்டு. வாங்கிய கணக்கை அழிக்காமல் வையுங்கள்.

கடைசியில் அக்கா தன் குண்டு எழுத்தில் ஒரு கடிதம் எழுதித் தாளோடு வைத்தாள். இது என்ன, யாருடையது, எதற்காக, திறக்க யாரைக் கேட்கவேண்டும், யாரிடம் காட்டக் கூடாது. பத்து வரி. அந்த நாள் முழுக்க நாங்கள் செய்த வேலையில் முக்கியமானது அந்தப் பத்து வரிதான் என்று எனக்குப் பட்டது.

எங்கள் ஊர் மரகதவல்லித் தாயார் சந்நிதியில் ஒரு நம்பிக்கை உண்டு. குழந்தை வரம் வேண்டுகிறவர்கள் வறுத்த பயறை மடியில் கட்டிக்கொள்வார்கள். தாயார் அருள் இருந்தால் வறுத்த பயறும் முளைக்கும் என்பார்கள். கிளம்பும்போது அக்கா பையனிடம் சொன்னாள்: "பயறு முளைக்கும்டா. உங்கப்பா டைரி முளைக்கலியே."

உங்கள் வீட்டில் பிட்காயின் இல்லாமல் இருக்கலாம். எல்.ஐ.சி. பாலிசி, சீட்டுப் பணம், பி.எஃப்., கைமாற்று என்று ஏதாவது இருக்கும். இந்த வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்கி, வீட்டில் இன்னொருவரை உட்காரவைத்துக்கொண்டு, புரிகிற எழுத்தில் பத்து வரி எழுதி வையுங்கள். சுருக்கெழுத்து வேண்டாம்.